கீழே நின்று பார்த்தால் தெரியாது

2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை வ.உ.சி. நகரில் மண்சரிந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். கார்த்திகை தீபத்திற்கோ பன்னிரண்டே நாள்கள்.

தீபத்தன்று மலையேற 2,500 பேர்வரை அனுமதிப்பது வழக்கமாக இருந்தது. இம்முறை அனுமதிப்பதா, தடுப்பதா என்றே பலரும் கேட்டனர். அதற்கு முன்பு கேட்க வேண்டியது வேறு: மலைமேல் மண் இப்போது எப்படியிருக்கிறது? சரிவு நின்றுவிட்டதாகத் தோன்றலாம். ஆனால் ஊறிய மண் பாறைமேல் பிடிப்பற்றுக் கிடந்தால், ஆயிரக்கணக்கான பாதங்களின் பாரம் அதைப் பெயர்த்துவிடலாம். ஊகிப்பது நமக்கு எளிது. புவியியல் வல்லுநர்கள் நேரில் ஆய்வு செய்தார்கள். மண் ஈரமாகவும் தளர்வாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். அதன் பின்னரே பக்தர்களுக்கு அனுமதியில்லை என்று அரசு அறிவித்தது.

டிசம்பர் 13 மாலை 2,668 அடி உயர உச்சியில் தீபம் எரிந்தது. மக்கள் கீழிருந்தே வணங்கினார்கள். ஒருநாள் ஏறுவோரின் கேள்விக்கு விடை கிடைத்தது. மலையடிவாரத்திலேயே குடியிருப்போரின் கேள்வி அதைவிடப் பெரியது.