கோல் கொண்ட ஆசான்மார்

சென்ற மாதம் அமெரிக்காவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. முன்னாளில் என்னிடம் நன்னூல் பாடங்கேட்ட மாணாக்கி ஒருத்தி எழுதியிருந்தாள். அவளுடைய மகள் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் மகளிர் கோல்ப் குழுவில் ஆடுகின்றாளாம். பட்டம் பெற்ற பின்னர் அவ்வாட்டத்தைப் பயிற்றுந் தொழிலையே மேற்கொள்ள விரும்புகின்றாளாம். “ஐயா, இதுவும் ஆசிரியத் தொழில்தானா? மகளுக்கு நான் என்ன சொல்லட்டும்?” என்பது அவள் வினா.

கோல்ப்புக்கும் பண்டிதனுக்கும் என்ன உறவு என்று அன்பர்கள் நகைத்தல் கூடும். எனினும், வினவியவள் மாணாக்கி. விடையிறுத்தல் என் கடன். ஆதலின் அவ்விடயத்தைத் தேடிக் கற்றேன்.

அமெரிக்கக் கல்லூரி ஆடவரின் கோல்ப் போட்டி 1897ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. மகளிர்க்கோ 1941 வரை அத்தகைய தேசியப் போட்டி இருந்ததில்லை. அவ்வாண்டிலே ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்து மகளிர் உடற்கல்வித் தலைவி கிளாடிஸ் பாமர் அம்மையார் முதற் போட்டியை நடத்தினார். பெண்களுக்குப் போட்டி ஆகாது என்று தடுத்தோருள் உடற்கல்வித் துறைப் பெண்மணிகளும் இருந்தனர். அவர் பின்வாங்கினாரல்லர்.

1972ஆம் ஆண்டு யூன் 23ஆம் நாள், கல்வி நிலையங்களிற் பால் வேற்றுமை கூடாதென்னுஞ் சட்டம் கையொப்பம் பெற்றது. அதற்குழைத்தவருள் ஒருவர் ஹவாய்ப் பிரதிநிதியாகிய பற்சி மிங்க். பெண் என்பதால் மருத்துவக் கல்லூரி வாயில்கள் அடைக்கப்பட, சட்டங் கற்று அரசியலிற் புகுந்தவர் அவர். அச்சட்டத்தின் பின்னரே மகளிர் விளையாட்டுக்குப் பணமும் இடமும் பெருகின. அதுவரை ஆடவர் விளையாட்டையே நடத்திவந்த தேசிய அமைப்பு, 1982இல் மகளிர் கோல்ப்பையும் ஏற்று முதற் போட்டியை நடத்திற்று. துல்சா பல்கலைக்கழகம் வென்றது. மறு ஆண்டாகிய 1983இல் மகளிர் குழுக்களின் பயிற்றுநர் ஒன்றுகூடித் தமக்கெனச் சங்கம் ஒன்று கண்டனர். இன்று அது மகளிர் கோல்ப் பயிற்றுநர் சங்கம் என வழங்குகின்றது.

இப்பயிற்றுநர் செய்வது யாது? ஒரு குழுவில் ஐவர் ஆடுவர். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நால்வரின் எண்ணிக்கையே குழுவுக்குச் சேரும். பிழைத்தவள் ஒருத்தியின் சுமையை மற்றைய நால்வர் தாங்குதல் அவ்விதியின் பயன். தனிப்போட்டியில் ஆடுபவளுக்குக் கோற்பையைச் சுமப்பவரன்றிப் பிறர் அறிவுரை கூறலாகாது. கல்லூரிப் போட்டியிலோ ஆடுகளத்தினுள்ளேயே பயிற்றுநர் உடன் நடந்து அறிவுரை கூறலாம். ஆயினும் பந்தை அடிப்பவள் மாணாக்கியே. பரீட்சை மண்டபத்தின் வாயில்வரை சென்று திரும்பும் நம்மனோர்க்கு இவ்வுரிமை பொறாமை தருவதன்றோ!

சங்கத்தின் செயல்களுள் என் உள்ளத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. சிறந்த ஆட்டக்காரரைத் தெரிந்து பாராட்டுவதோடு, கல்வியிற் சிறந்தோரையும் அது தனியே பாராட்டுகின்றது. அதற்கு உரியவளாகப் பாடங்களில் 4 புள்ளிக்கு 3.50க்குக் குறையாது பெற்றிருத்தல் வேண்டும். நல்லாசிரியனுக்கு நிறைகோலை உவமையாக்கியது நன்னூல். ஒரு தட்டிற் கல்வியும் மறுதட்டில் ஆட்டமும் இட்டு நிறுக்கும் இவர்களையும் அந்நிறைகோலோடு ஒப்பிடலாம்.

இனி, மகிழ்ச்சிக்கு மாறான செய்தி ஒன்று. 1972இல் அமெரிக்கக் கல்லூரி மகளிர் குழுக்களின் பயிற்றுநருள் நூற்றுக்கு 90க்கு மேற்பட்டோர் பெண்களாயிருந்தனர். 2014ஆம் ஆண்டுக் கணக்கில் அது 43 அளவிற்குத் தாழ்ந்திருந்தது. பெண்களுக்கு வாயில் திறந்த சட்டமே இதற்கும் வழிசெய்தது என்றால் வியப்பாகும். முன்பு அத்தொழிலுக்கு ஊதியம் அற்பம், சிலருக்கு அதுவுமில்லை. ஊதியமும் மதிப்பும் வந்ததும் ஆடவரும் நாடினர். ஆடவர்க்கும் மகளிர்க்கும் தனித்தனியே இருந்த உடற்கல்விப் பகுதிகள் இணைக்கப்பட்டன. நியமனஞ் செய்யும் அதிகாரம் பெரும்பாலும் ஆடவர் கைக்குச் சென்றது. கூலியில்லாத காலத்திற் சுமந்தவர் கூலி வந்தபோது விலக நேர்ந்தது.

ஆடவர் பயிற்றுதல் தவறு என்பது என் கருத்தன்று. டியூக் பல்கலைக்கழகத்தின் டான் புறூக்ஸ், தம் மாணாக்கியரை 7 முறை தேசிய வெற்றிக்கு வழிநடத்தினார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லிண்டா வோல்ஸ்டெட் அம்மையார் 6 முறை அவ்வெற்றி கண்டார். திறமைக்குப் பாலில்லை என்பதற்கு இவ்விருவரே சான்று. திறமை சமமாயிருக்க இருக்கை மட்டும் ஏன் சமமாயில்லை என்பதே கேள்வி. தன் ஆசானிடத்தே தன்னைக் காணாத மாணாக்கி, அவ்விருக்கை தனக்கும் உரியதென்று எவ்வாறு எண்ணுவாள்? சம்பளமும் இடமாற்றமும் பேசுதல் ஆசிரியர் சங்கங்களுக்குத் தேவையே. ஆனால், அடுத்த தலைமுறை ஆசிரியர் எங்கிருந்து வருவர் என்று வினவாத சங்கம், வேலி கட்டிவிட்டு விதைக்க மறந்த தோட்டம் போன்றது. இது நமக்கும் பொருந்தும்.

என் மாணாக்கிக்கு இவ்வாறு விடையெழுதினேன்: “மகளைத் தடுக்காதே. கோலாயினும் ஏடாயினும், பிறர் கை பழகும்வரை உடன் நின்று, பழகியபின் விலகி நிற்பவரே ஆசிரியர். அவள் ஏறவிருக்கும் இருக்கை பெண்கள் பலர் ஊதியமின்றிக் காத்த இருக்கை. அதை அவளுக்குச் சொல்.”