பேய்க்கரும்பின் பெருமை

கரும்பைப் போற்றும் நாம், ஆற்றோரத்தில் வெண்கதிர் அசைய நிற்கும் பேய்க்கரும்பை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. உண்பதற்குச் சுவையில்லை, வயலிற் புகுந்தாலோ களையென்று களைகின்றோம். ஆயினும், கரும்புக் குலத்தைக் காத்து நிற்பது இப்புல்லே என்பதை அறிந்தார் சிலரே.

கரும்பை விதையிட்டு வளர்ப்பதில்லை. கரணைகளை நட்டே வளர்க்கின்றோம். ஆகவே, ஓரினக் கரும்பெல்லாம் ஒரே தாயின் அச்சாக அமைகின்றன. ஒன்றைப் பற்றும் நோய் அனைத்தையும் பற்றும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் யாவாவின் கரும்புத் தோட்டங்களைச் ‘செரே’ என்னும் நோய் சீரழித்தது. பேய்க்கரும்பின் கலப்புடைய கரும்பைக் கொண்டு புதிய இனங்களை உருவாக்கியே ஒல்லாந்த விஞ்ஞானிகள் அத்தொழிலை நிலைநிறுத்தினர்.

1912ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்திலும் இம்முயற்சி நிகழ்ந்தது. பார்பர் என்னும் ஆங்கிலேயரும் வெங்கடராமனும் தடித்த கரும்பைப் பேய்க்கரும்புடன் கலந்து பெற்ற ‘கோ. 205’ என்னும் இனம் 1918இல் வெளிவந்து, வட இந்திய உழவருக்குக் கூடிய விளைவைத் தந்தது. இன்றைய கரும்பில் நூறு அளவினவாய் உள்ள நிறமூர்த்தங்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை பேய்க்கரும்பின் வழி வந்தவையே.

சர்க்கரை குறையலாகாது என்பதற்காக முன்னையோர் அக்காட்டுக் குணத்தை அளவோடு நிறுத்தினர். இன்று நோக்கம் விரிந்துள்ளது. பிறேசில் நாடு 1975 முதல் கரும்பின் மதுசாரத்தை வாகன எரிபொருளாக்கும் திட்டத்தை மேற்கொண்டது. சக்கையை எரித்து மின்சாரமும் பெறலாம். சக்கையிலுள்ள நாரிலிருந்து மதுசாரமும் வடிக்கலாம். இதற்கு வேண்டுவது இனிப்பன்று. மிகுந்த நாரும் வலிய வேருமே. ஆதலின், பேய்க்கரும்பின் பங்கைக் கூட்டி ‘எரிசக்திக் கரும்பு’ என்னும் இனத்தைப் பிறேசிலிலும் அமெரிக்காவின் லூசியானாவிலும் உருவாக்கியுள்ளனர். ஒருமுறை நட்டால், வெட்டிய அடியிலிருந்து பல பருவம் தழைக்கும், ஆண்டுதோறும் உழவேண்டுவதில்லை, மண்ணும் அரிக்கப்படுவதில்லை.

எனினும், பயிராகும் கரும்புகள் மிகச் சில முன்னோரின் வழித்தோன்றல்கள் என்பதை நாம் மறத்தலாகாது. குளிர் தாங்குவது ஓரிடத்துப் பேய்க்கரும்பு. வறட்சி தாங்குவது மற்றோரிடத்தது. உவர்நிலத்தில் வளர்வது வேறொன்று. கேரளத்துக் கண்ணூரிலும் அமெரிக்காவின் மயாமியிலும் இவ்வகைகளைச் சேர்த்துப் பேணி வருகின்றனர். ஆயினும், தோட்டத்திற் சேர்ந்தவை சிலவே. களையாகப் பரவும் இடத்தில் இதனை அடக்குவது முறையே. ஆற்றங்கரையெங்கும் வேரறுப்பது முறையன்று. நாளைய நோய்க்கு மருந்தாகும் குணம் எந்தக் கரையில் நிற்கின்றதோ, யார் அறிவார்?