சமையலறையை நீட்டும் முன் ஒரு கேள்வி

பந்திங் வட்டாரத்தில் வரிசை வீடு வாங்கிய பல குடும்பங்கள் முதலில் கை வைக்கும் இடம் சமையலறைதான். பிள்ளைகள் வளர்கிறார்கள். வயதான பெற்றோர் வந்து தங்குகிறார்கள். ஒரு குளியலறை போதவில்லை. பின்புறக் காலி இடத்தில் சமையலறையை நீட்டி, அதிலேயே ஒரு குளியலறையும் கட்டிவிடலாம் என்று முடிவாகிறது. சேமநிதிப் பணம் கைக்கு வந்ததும் குத்தகையாளரை அழைக்கிறார்கள். அவர் அளந்து பார்த்து விலை சொல்கிறார். "பெர்மிட்டா? இந்தத் தாமானில் யார் எடுத்தார்கள்?" என்று சிரிக்கிறார். வீட்டுக்காரரும் தலையாட்டி விடுகிறார்.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். அனுமதி என்பது வெறும் காகிதமா, அதனால் வீட்டுக்காரருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கான பதில் வீட்டின் தரைக்கு அடியில் இருக்கிறது.

குளிர் நாடுகளில் இடம் போதாவிட்டால் வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறையை அறையாக்கிக் கொள்வார்கள். கோல லங்காட் மாவட்டத்தில் அது எளிதல்ல. கடலோரச் சேற்று மண்ணும் கரி மண்ணும் நிறைந்த தாழ்வான நிலம் இது. சிறிது தோண்டினாலே நீர் ஊறும். ஆகவேதான் வீடுகள் பின்பக்கம் நீள்கின்றன. ஆனால் அந்த மண் அங்கேயும் விடுவதில்லை. பழைய வீடு ஆழமான அடித்தூண்களின் மேல் நிற்க, புதிய பகுதி வெறும் மண்ணின் மேல் நின்றால், புதியது மட்டும் மெல்ல மெல்ல அமிழும். இரண்டும் சேரும் இடத்தில் சுவர் வெடிக்கும். அந்த இணைப்பைக் கடந்து செல்லும் நீர்க்குழாயும் கழிவுக்குழாயும் முறியும். ஓடுகளுக்கு அடியில் கழிவுநீர் கசிவது மாதக்கணக்கில் தெரியாமலே இருக்கலாம். கட்டட வரைபடத்தைப் பொறியாளர் பார்க்க வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின்படி (சட்டம் 133), ஊராட்சித் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றி கட்டடம் எழுப்பவோ நீட்டவோ கூடாது. மீறினால் அபராதம் உண்டு. கட்டியதை இடிக்கவும் உத்தரவு வரலாம். பந்திங்கில் இந்த அனுமதியை வழங்குவது கோல லங்காட் நகராண்மைக் கழகம். 2020ஆம் ஆண்டு வரை இது மாவட்ட மன்றமாக இருந்தது.

வண்ணம் பூசுவதும் கட்டடத்தை நீட்டுவதும் ஒன்றல்ல. தூண், சுவர், கூரை சேரும் வேலைக்கு வரைபடம் தேவை. எனவே, குத்தகையாளரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே நகராண்மைக் கழகத்தின் கட்டடப் பிரிவுக்குச் சென்று, தம் வேலை எந்த வகையைச் சேர்ந்தது, என்னென்ன பத்திரங்கள் வேண்டும், பின்புறம் எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கேட்டுக்கொள்வது நல்லது. வீட்டுப் பட்டா நகலையும் மதிப்பீட்டு வரி கட்டிய ரசீதையும் கையோடு கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

குழாய் வேலையிலும் கவனம் தேவை. மீட்டருக்கு அப்பால் வீட்டுக்குள் வரும் குழாய்கள் வீட்டுக்காரரின் பொறுப்பு. 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டப்படி, இந்த வேலையைத் தேசிய நீர்ச் சேவை ஆணையமான 'ஸ்பானின்' பெர்மிட் பெற்றவரே செய்ய வேண்டும். நீரழுத்தம் குறைவு என்று பொதுக்குழாயிலிருந்து நேரடியாகப் பம்பு வைத்து உறிஞ்சக்கூடாது. அது அண்டை வீட்டார் நீரைப் பறிப்பதோடு, குழாயில் விரிசல் இருந்தால் அழுக்கையும் உள்ளே இழுக்கும். தொட்டியில் நீரைச் சேர்த்து அங்கிருந்து பம்பு செய்வதே முறை.

கழிவுநீரைப் பொறுத்தவரை இரண்டு தவறுகள் அடிக்கடி நடக்கின்றன. முதலாவது, வீட்டுக்குப் பின்னால் உள்ள கழிவுநீர்க் குழியின் மூடிக்கு மேல் சிமெண்டுத் தரை போடுவது. அடைப்பு ஏற்படும் நாளில் தரையை உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டாவது, கூரை மழைநீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைப்பது. பெருமழையில் குழாய் நிரம்பி, கழிவு அடுத்த வீட்டுக் குளியலறை வழியாக மேலே வரும். மழைநீர் கால்வாய்க்குப் போக வேண்டும். கழிவறை நீர் கழிவுநீர்க் குழாய்க்கோ கழிவுத் தொட்டிக்கோ போக வேண்டும்.

குத்தகையாளரைத் தேர்ந்தெடுக்கும்போது அவர் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பார்க்க வேண்டும். அனுமதியை யார் எடுப்பது, குழாய்களைச் சோதித்துக் காட்டுவது எப்போது, குப்பையை எங்கே கொட்டுவது ஆகிய மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பணத்தை வேலைக்கேற்பத் தவணையாகக் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் மறைந்து வாழ வேண்டியதில்லை. தாமாகவே கட்டடப் பிரிவை அணுகி, என்ன செய்ய வேண்டும் என்று கேட்பதே மேல். புகார் வந்து அதிகாரி கதவைத் தட்டும் நாளிலும், வீட்டை விற்கப் போகும் நாளிலும் குத்தகையாளர் பக்கத்தில் இருக்க மாட்டார். பெயர் இருப்பது பட்டாவில். பதில் சொல்ல வேண்டியவரும் அந்தப் பெயருக்கு உரியவரே. ஆயுள் முழுதும் உழைத்துச் சேர்த்த பணம் சுவரோடு சேர்ந்து இடிபடாமல் இருக்க வேண்டுமானால், முதல் செங்கல்லுக்கு முன் அனுமதி வந்துவிட வேண்டும்.