இறகு மாற்றும் விசிறி

வண்டிச் சக்கரத்தில் ஓர் ஆரக்கால் முறிந்தால் நாம் சக்கரத்தையே எறிந்துவிடுவதில்லை. தச்சர் அந்த ஆரக்காலை மட்டும் மாற்றித் தருகிறார். படகையும் விமானத்தையும் உந்திச் செலுத்தும் விசிறியிலும் இம்முறை உண்டு. நடுவே குடம், அதில் தனித்தனியே பொருத்திய இறகுகள்.

1912 பிப்ரவரியில் 'ஒலிம்பிக்' என்னும் பெருங்கப்பல் அட்லாண்டிக் கடலில் விசிறியின் ஓர் இறகை இழந்தது. இறகுகள் குடத்துடன் திருகாணிகளால் பிணைக்கப்பட்டிருந்தமையால், பெல்பாஸ்டில் புதிய இறகு பொருத்தப்பட்டுக் கப்பல் மீண்டும் கடலேறியது. 1927-இல் லிண்ட்பர்க் அதே கடலைத் தனியே கடந்த விமானத்தின் விசிறியும் தனி இறகுகள் பொருத்தியதே.

மாற்றும் இறகு மற்றவற்றோடு எடையிலும் சாய்விலும் ஒத்திருத்தல் அவசியம். இல்லையேல் விசிறி அதிர்ந்து, இயந்திரத்தையே கெடுத்துவிடும். ஆகவே விமான விசிறியில் தகுதிச் சான்று பெற்றவரே கைவைக்கலாம்.

சிறு படகு மோட்டார்கள் பலவற்றில் விசிறியைத் தண்டுடன் இணைப்பது ஒரு மெல்லிய ஆணி. விசிறி பாறையில் மோதினால் அந்த ஆணி முறிந்து, உள்ளிருக்கும் பற்சக்கரங்களைக் காக்கிறது. முறிவதே அதன் கடமை! அதற்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த இரும்பாணியைச் செருகினால், அடுத்த மோதலில் முறிவது பற்சக்கரமே. பின்பு படகு நடுக்கடலில் தத்தளிக்க நேரும்.

கடலுக்குச் செல்வோர் அம்மோட்டாருக்குரிய ஆணிகள் இரண்டும் ஒரு குறடும் உடன் கொண்டு செல்லுதல் வேண்டும். இயந்திரத்தை நிறுத்திய பின்னரே விசிறியைத் தொடுதல் வேண்டும். கரையோர ஊராட்சி உறுப்பினர்கள் இதனை மீனவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக. சிறிய ஆணிதான், ஆயினும் படகைக் கரை சேர்ப்பது அதுவே.