'தெரியாது' என்ற கட்டம்: வாக்காளர் கருத்தாய்வுகள் குறித்துச் சில குறிப்புகள்

தேர்தல் முடிவு வந்த மறுநாள் கருத்துக்கணிப்புக்காரர்களைக் கேலி செய்வது நமக்கு ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. 2004இல் வாஜ்பாய் அரசு திரும்ப வரும் என்றார்கள், வரவில்லை. 2024இல் தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 350 இடங்களுக்கு மேல் என்றார்கள், 293இல் நின்றது. கேலி நியாயமானதுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எத்தனை இடம் என்ற ஆரூடத்தைச் சரிபார்க்க வாக்கு எண்ணிக்கை என்று ஒரு நாள் வந்துவிடுகிறது. அதே ஆய்வுகளின் பின்பக்கங்களில் வேறுவகை அட்டவணைகள் இருக்கும். பொதுத்துறையைத் தனியாருக்குக் கொடுக்கலாமா, மானியத்தைக் குறைக்கலாமா, இடஒதுக்கீடு தொடர வேண்டுமா என்று கேட்டு, ஆண் பெண், நகரம் கிராமம், படித்தவர் படிக்காதவர், சாதி, வருமானம் என்று பிரித்துச் சதவிகிதம் போட்டிருப்பார்கள். இவற்றைச் சரிபார்க்க எண்ணிக்கை நாள் கிடையாது. சொன்னது சொன்னபடியே 'மக்கள் கருத்து' ஆகிவிடும். பிறகு தலையங்கங்களில், அமைச்சர்களின் பேச்சில் ஆதாரமாக உலவும். இங்கே பேச நினைப்பது இந்தப் பின்பக்கத்தைப் பற்றி. குறிப்பாக, அட்டவணையின் கடைசிக் கட்டமான 'தெரியாது / கருத்தில்லை' என்பதைப் பற்றி.

1996 பொதுத்தேர்தலை ஒட்டித் தில்லியிலுள்ள வளரும் சமூகங்கள் ஆய்வு மையம் நாடு தழுவிய ஓர் ஆய்வை நடத்தியது. வாக்காளர் பட்டியலிலிருந்து ஆட்களைத் தேர்ந்து, வீடு தேடிப்போய், நேரில் உட்கார்ந்து கேட்ட ஆய்வு. பதிலளித்தவர்கள் 9,614 பேர். தெருமுனையில் நாலு பேரை நிறுத்திக் கேட்டுவிட்டு 'மக்கள் சொல்கிறார்கள்' என்று எழுதும் ரகமில்லை. இந்தியாவில் நடந்த ஆய்வுகளில் ஆகக் கவனமானவற்றில் ஒன்று என்றே சொல்லலாம். மத்திய அரசின் பொருளாதாரக் கொள்கையில் வந்த மாற்றங்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா என்பது அதில் கேட்கப்பட்ட ஒரு கேள்வியின் சாரம். 1991 ஜூலையில் நரசிம்ம ராவும் மன்மோகன் சிங்கும் தொடங்கிவைத்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. தெரியும் என்றவர்கள் 19 சதம். நகரத்தில் 32, கிராமத்தில் 14. பட்டதாரிகளில் ஏறத்தாழ 66 சதம். ஏழைகளில் 7 சதம். அதே மக்களில் நான்கில் மூன்று பங்கினருக்கு 1992இல் பாபர் மசூதி இடிக்கப்பட்டது தெரிந்திருந்தது. சாதிவாரி இடஒதுக்கீட்டில் 87 சதம் பேர் ஏதாவது ஒரு நிலைப்பாடு எடுத்தார்கள்.

இந்த எண்களை வைத்து அரசியல் அறிஞர் அசுதோஷ் வர்ஷ்ணி ஒரு வாதத்தை முன்வைத்தார். சாதியும் மதமும் வெகுமக்கள் அரசியலைச் சேர்ந்தவை. வர்த்தகச் சீரமைப்பு, நிதிச் சந்தை போன்றவை மேட்டுக்குடி அரசியலைச் சேர்ந்தவை. தொண்ணூறுகளின் மாற்றங்கள் பெரிய எதிர்ப்பில்லாமல் நகர்ந்ததற்கு, அவை வெகுமக்களின் பார்வைக்கே வராமல் போனதும் ஒரு காரணம். கூர்மையான வாதம், மறுப்பதற்கில்லை. ஆனால் இது பத்திரிகைகளின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது 'நம்ம சனங்களுக்குச் சாதியும் கோயிலும்தான் புரியும், பொருளாதாரமெல்லாம் எங்கே புரியப்போகுது' என்று சுருங்கிப்போனது. ஆட்சியாளர்களுக்கும் இது வசதியான சுருக்கம். தெரியாதவர்களைக் கேட்டு ஆகப்போவது என்ன?

இங்கேதான் இடறுகிறது. அந்த 19 சதம் அளந்தது எதை? கொள்கை தெரியாமலிருப்பது வேறு, கொள்கையின் பெயர் தெரியாமலிருப்பது வேறு.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இப்படியொரு கணக்கெடுப்புக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். ஒரு வீட்டில் அறுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் அம்மா. தொழில் என்ற இடத்திற்கு அவர் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டு, "அது வீட்லதாங்க இருக்கு" என்றார். 'இல்லத்தரசி' என்று குறித்தேன். அப்போதுதான் நடவு முடித்துவிட்டு வந்து காலில் காய்ந்த சேற்றோடு திண்ணையில் உட்கார்ந்திருந்தார் அந்த இல்லத்தரசி. பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றிக் கேட்டேன். "அதெல்லாம் எனக்கென்ன தம்பி தெரியும். அவுகளக் கேளுங்க" என்று மகனைக் காட்டினார். 'தெரியாது' என்று குறித்தேன். படிவத்தை மூடி, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "வெள்ளாமையெல்லாம் எப்படி ஆத்தா?" என்று சும்மா கேட்டதுதான் தாமதம். "என்ன வெள்ளாம. பொட்டாசு வெலய ஒரே ஏத்தா ஏத்திப்புட்டான். டிஏபி கிட்டயே போக முடியல. யூரியாவ மட்டும் அள்ளிப் போடுறோம். பயிரு பச்சையாத்தான் நிக்குது, மணி பிடிக்க மாட்டேங்குது" என்று ஆரம்பித்தவர் அரை மணி நேரம் நிறுத்தவில்லை.

1992 ஆகஸ்டில் மத்திய அரசு பாஸ்பேட், பொட்டாஷ் உரங்களின் மீதான விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. யூரியாவை மட்டும் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டது. அந்த உரங்களின் விலை ஏறியது, விவசாயிகள் யூரியாவின் பக்கம் சாய்ந்தார்கள், மண்ணில் சத்துகளின் சமநிலை குலைந்தது. பொருளாதார நிபுணர்கள் கட்டுரை கட்டுரையாக எழுதிய விஷயம் இது. சீர்திருத்தம் என்று பெயரிடப்பட்ட பொட்டலத்தின் ஒரு முக்கியமான பகுதியை, அதன் விளைவோடு சேர்த்து, திண்ணையிலிருந்தபடி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். என் படிவத்திலோ அவர் கருத்தற்றவர், தொழிலற்றவர். இப்படிப் பல படிவங்கள் சேர்ந்துதான் 'பெண்கள், கிராமப்புறம், எழுத்தறிவற்றோர்: தெரியாது' என்ற கட்டத்தில் பெரிய எண்ணாக வந்து உட்காருகின்றன. இதில் பதிலுக்கு முன்னால் ஆளையே நாம் தவறாகக் குறித்துவிடுகிறோம் என்பதையும் கவனிக்கலாம். மக்கள் பிரிவு என்று அட்டவணையின் இடப்பக்கத்தில் அமைதியாக நிற்கும் சொற்கள் ஒன்றும் இயற்கையிலிருந்து வந்தவையல்ல. யாரோ கேட்டு, யாரோ குறுக்கே பதில் சொல்லி, யாரோ குறித்தவை.

மொழியின் பங்கும் சாதாரணமானதில்லை. தமிழில் 'சீர்திருத்தம்' என்ற சொல்லுக்குப் பின்னால் சுயமரியாதை இயக்கத்தின் அரை நூற்றாண்டு நிற்கிறது. புரோகிதர் இல்லாத கல்யாணத்திற்குச் சீர்திருத்தத் திருமணம் என்று பெயர். சீர்திருத்தம் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாமென்று யார் சொல்வார்? 'தாராளமயம்' இன்னும் மோசம். தாராளம் என்றால் நம் ஊரில் கை நீட்டிக் கொடுப்பது. அரசு கையை இழுத்துக்கொள்வதற்குத் தாராளம் என்று பெயர் வைத்தது யாரோ, பெரிய ரசிகராக இருக்க வேண்டும். கேள்வியின் சொல்லே பதிலில் பாதியைச் சொல்லிவிடுகிறது.

இது நம் மொழிக்கு மட்டும் உரிய கோளாறல்ல. 1941இல் அமெரிக்காவில் டொனால்ட் ரக் ஒரு சோதனை செய்தார். ஜனநாயகத்திற்கு எதிரான பொதுக்கூட்டப் பேச்சுகளை அனுமதிக்கலாமா என்று ஒரு சாராரிடம் கேட்டார்கள். 62 சதம் பேர் கூடாது என்றார்கள். அவற்றைத் தடை செய்யலாமா என்று இன்னொரு சாராரிடம் கேட்டார்கள். 46 சதம் பேர்தான் செய்யலாம் என்றார்கள். அனுமதியாமையும் தடையும் ஒன்றுதானே என்று தர்க்கம் கேட்கும். 'தடை' என்ற சொல்லின் கடுமை 16 புள்ளிகளைத் தின்றுவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இதே சோதனையை மேற்கோள் காட்டும் பல நூல்களில் 75, 54 என்று வேறு எண்கள் வரும். தவறில்லை. 'கருத்தில்லை' என்றவர்களைக் கழித்துவிட்டு மிச்சத்தை நூறாக்கிக் கணக்கிட்டால் அப்படி வரும். கேள்வியின் சொல் எண்ணை மாற்றுகிறது என்று காட்ட வந்த சோதனையிலேயே, பேசாதவர்களைக் கழித்ததால் எண் இன்னொரு முறை மாறிவிட்டது!

பிரெஞ்சு சமூகவியலாளர் பியர் பூர்தியூ 1972இல் ஆற்றி 1973இல் வெளியான ஓர் உரையில் இந்தக் கழித்தலைத்தான் பிடித்துக்கொண்டார். பொதுக்கருத்து என்று ஒன்று இல்லை என்பது அதன் தலைப்பு. கருத்தாய்வுகள் மூன்று விஷயங்களைக் கேட்காமலே ஏற்றுக்கொள்கின்றன என்றார். எல்லோரும் எல்லாவற்றிலும் கருத்து உருவாக்கிக்கொள்ள முடியும். எல்லாக் கருத்துகளுக்கும் சம எடை. கேட்கத்தக்க கேள்விகள் எவை என்பதில் எல்லோருக்கும் உடன்பாடு. மூன்றாவதற்கு அவர் தந்த உதாரணம் சுவையானது. கல்வி பற்றி 1960க்கும் 1968க்கும் இடையில் பிரெஞ்சுக் கருத்தாய்வுகள் கேட்ட கேள்விகள் இருபதுக்கும் குறைவு. 1968 மே மாத மாணவர் எழுச்சிக்குப் பிறகு இருநூறுக்கும் மேல். பள்ளிக்கூடத்தில் பிள்ளை தோற்பது பெற்றோருக்கு எந்நாளும் கவலைதான். அது எப்போது 'கேள்வி' ஆகிறது என்பதை முடிவு செய்தது மாணவர்களைக் கண்டு அரசுக்கு ஏற்பட்ட பயம்.

பதிலின்மை பற்றியும் அவர் ஒன்றைச் சொன்னார். பெண்களிடம் அது ஆண்களைவிட அதிகம். கேள்வி 'அரசியல்' என்ற வாசனை அடிக்க அடிக்க இடைவெளி கூடும். சமையல் செலவு, பிள்ளை வளர்ப்பு என்றால் குறைந்துவிடும். ஆக, தெரியாது என்பது பல நேரங்களில் அறியாமையின் அளவல்ல. 'இதைப் பேச எனக்கு உரிமை உண்டா' என்ற கேள்விக்கு அவரவர் வாழ்க்கை சொல்லிக்கொடுத்த பதில். இதன் மறுபக்கமும் உண்டு. எழுபதுகளின் பிற்பகுதியில் ஜார்ஜ் பிஷப்பும் அவர் சகாக்களும் சின்சினாட்டியில், இல்லவே இல்லாத ஒரு சட்டத்தைப் பெயர் சொல்லி, அதை நீக்க வேண்டுமா என்று கேட்டார்கள். மூன்றிலொரு பங்கினர் கருத்துச் சொன்னார்கள். தெரியாதவர் பேசிவிடுகிறார், தெரிந்தவர் "அவுகளக் கேளுங்க" என்கிறார். படிவத்திற்கு இரண்டும் விளங்காது.

அப்படியானால் கணக்கெடுப்பே வேண்டாமா? பூர்தியூவைப் படித்த உற்சாகத்தில் நம் நண்பர்கள் சிலர் அந்த முடிவுக்குத்தான் போகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. விடுதலைக்குப் பின் 2011 வரை நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எதுவும் எல்லாச் சாதிகளையும் எண்ணி வெளியிட்டதில்லை. வாக்குப்பெட்டி யார் போட்ட ஓட்டு என்று சொல்லாது. தொண்ணூறுகளில் தலித்துகள் மேல்சாதியினரைவிடக் குறையாமல், பல இடங்களில் அவர்களைவிட அதிகமாகவே வாக்களித்தார்கள் என்பதை நிறுவ முடிந்தது மேற்சொன்ன ஆய்வு மையத்தின் கணக்கெடுப்புகளால்தான். யோகேந்திர யாதவ் அதை 'இரண்டாம் ஜனநாயக எழுச்சி' என்று எழுதினார். எண்ணப்படாமல் விடப்படுவது என்ன என்று இந்த நாட்டுப் பெண்களுக்குத் தெரியும். முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் தயாரித்தபோது, சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. அன்றைக்கும் அதை அறியாமை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே சண்டை எண்ணுவதோடு அல்ல, எண்ணும் விதத்தோடு. 'தெரியாது' என்றவர்களைக் கழித்துவிட்டுச் சதவிகிதம் போடும் வழக்கம் முதலில் ஒழிய வேண்டும். எந்தப் பிரிவில் எத்தனை பேர் வாய் திறக்கவில்லை என்பதையே ஒரு கண்டுபிடிப்பாக அச்சிட வேண்டும். பெண்களைத் தனியாக, கூடுமானவரை பெண்களே போய்க் கேட்க வேண்டும். கொள்கையைப் பெயரால் கேட்பதோடு விளைவாலும் கேட்க வேண்டும். 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழ், மேல் என்று இரண்டாகப் பிரித்தது; தமிழ்நாடு பிரிக்காமல் எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 'இலக்கு சார்ந்த பொது விநியோகத்தை ஆதரிக்கிறீர்களா' என்று கேட்டுப் பாருங்கள், கடைசிக் கட்டம் நிரம்பும். 'உங்கள் தெருவில் யாருக்கு அரிசி கொடுக்கலாம், யாருக்குக் கூடாது' என்று கேட்டால் வாங்கி எழுதிக்கொள்ள ஒரு படிவம் போதாது. செலவு பிடிக்கும்தான். வந்ததை அட்டவணைக்குள் அடக்குவது அதைவிடச் சிரமம். அந்தச் சிரமத்திற்குக் கூலி கொடுக்க, கணக்கெடுப்புக்குப் பணம் போடுகிறவர்கள் தயாராக இருக்கிறார்களா என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.