மீனுக்கு ஐந்து நிமிடம்

திண்டுக்கல் சமவெளியின் குழம்புச் சட்டிகளில் வேகும் மீன்களில் பல, கடலையே பார்த்திராதவை. எந்தத் திசையில் போனாலும் கடற்கரை நூறு கிலோமீட்டருக்கு அப்பால்தான் என்னும் நிலையில், ஆத்தூர்க் காமராஜர் அணை, அய்யம்பாளையத்தை ஒட்டிய மருதாநதி அணை, வேடசந்தூர்ப் பக்கத்துக் குடகனாறு அணை ஆகியவற்றிலும், நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நிரம்பும் குளம் கண்மாய்களிலும் வளரும் கட்லா, ரோகு, ஜிலேபிக் கெண்டை, விரால், கெளுத்தி முதலியவையே இங்குள்ள பல வீடுகளின் மீன். இவற்றிலும் முதல் மூன்றும் வெளியூர்க் குடிகள்தாம். கட்லாவும் ரோகுவும் வடக்கே கங்கைப் படுகையைச் சேர்ந்தவை. 1957இல் கட்டாக்கில் மீன்வள ஆய்வாளர் ஹீராலால் சௌத்ரி, மூளையடிச் சுரப்பியான பிட்யூட்டரியின் சாற்றை ஊசியாகச் செலுத்திக் கெண்டை மீன்களைத் தூண்டி முட்டையிடச் செய்த பிறகே, இவ்வினங்களின் குஞ்சுகள் நாடெங்கும் எளிதாகக் கிடைக்கலாயின. ஜிலேபி ஆப்பிரிக்காவில் பிறந்து, 1952இல் இந்தியாவுக்கு வந்து, இன்று அழைக்காமலே எல்லாக் குளத்திலும் நிற்கும் மீன்.

இம்மீன்களைக் குழம்பு வைக்கும் முறையில் எல்லா வீடுகளுக்கும் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு. நல்லெண்ணெயில் வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் சேர்த்துப் புளியைக் கரைத்து ஊற்றி, பச்சை வாடை போய் எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும்வரை கொதிக்கவிட்ட பிறகே மீன் சட்டிக்குள் விழுகிறது. இதில் மீன் அடுப்பில் இருக்கும் நேரம் மிகக் குறைவு. நேரமெல்லாம் குழம்புக்கே போகிறது. ஆகவே குழம்பை முன்கூட்டியே காய்ச்சி வைத்துக்கொண்டால், வேலை முடிந்து வீடு திரும்பும் மாலையில் மீன் சோறு கால்மணி நேரக் காரியமே. மீனைத் தொடக்கத்திலேயே போட்டுக் குழம்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் என்ன ஆகும் என்பதற்கான விடை, மீனின் தசை அமைப்பில் இருக்கிறது.

பிரியாணியால் பெயர்பெற்ற ஊரில் இதை ஆட்டிறைச்சியோடு ஒப்பிட்டுச் சொல்வதே பொருத்தம். நான்கு காலில் நின்று தன் எடையைத் தானே சுமக்கும் ஆட்டின் தசைநார்களை, கொலாஜன் என்னும் கயிறு போன்ற புரதம் இறுக்கிக் கட்டியிருக்கிறது. ஆடு முதிர முதிர அக்கயிற்றின் முடிச்சுகள் பெருகுவதால், அது கரைந்து ஜெலட்டின் என்னும் வழுவழுப்பான பொருளாக மாறுவதற்கு நீண்ட நேரக் கொதி வேண்டும். மீனின் எடையையோ தண்ணீர் தாங்குகிறது. அதன் தசை, நீண்ட நார்களாக இல்லாமல், குட்டையான நார்கள் அடுக்கிய இதழ்களாகவும், இதழுக்கும் இதழுக்கும் இடையே மெல்லிய கொலாஜன் சவ்வாகவும் அமைந்திருக்கிறது. அந்தச் சவ்வும் 50 முதல் 55 டிகிரி செல்சியசிலேயே இளகத் தொடங்கிவிடும். வெந்த மீனை விரலால் லேசாக அழுத்தினால் இதழ் இதழாகப் பிரிவது, சவ்வு கரைந்துபோனதன் அடையாளமே.

சவ்வு இளகும் அதே வேளையில், தசையைச் சுருக்கி விரிக்கும் மயோசின் என்னும் புரதம் உருக்குலைந்து, கண்ணாடி போலிருந்த சதையை வெள்ளையாக்குகிறது. 60 டிகிரியைத் தாண்டியதும் மற்றப் புரதங்களும் சுருங்கித் தமக்குள் இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளுவதால், 70 டிகிரியைக் கடந்து வெகுநேரம் கிடக்கும் துண்டு சக்கையாகிவிடுகிறது. நோய்க்கிருமிகளைக் கருதிப் பரிந்துரைக்கப்படும் அளவு, துண்டின் நடுப்பகுதியில் 63 டிகிரி. பாதுகாப்புக்கும் பக்குவத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி அவ்வளவு குறுகலானது. குளிர்க்கடல் மீன்களின் புரதம் இன்னும் குறைந்த சூட்டிலேயே குலைந்துவிடும். வெயிலில் காயும் குளத்துநீரில் வளர்ந்த கெண்டையும் ஜிலேபியும் சற்றே தாக்குப்பிடிப்பவை. மேலைநாட்டுச் சமையல் நூல்களின் கணக்கை இங்கே அப்படியே கைக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

எத்தனை நிமிடம் என்பதைக் கணக்கிட்டும் பார்க்கலாம். மீன் சதையில் சூடு பரவும் வேகம், பெரும்பகுதி நீராலான அச்சதைக்கு ஏற்பத் தண்ணீரின் வேகத்தையே ஒத்திருப்பதால், 95 டிகிரிக் குழம்பில் இடப்பட்ட 2 சென்டிமீட்டர் தடிமனுள்ள துண்டின் நடுப்பகுதி 63 டிகிரியை எட்டுவதற்கு ஏறக்குறைய ஐந்து நிமிடம் ஆகும். சூடு உள்ளே போகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடுமாதலால், தடிமன் பாதியானால் நேரம் கால்பங்காகக் குறைந்து ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டும்; தடிமன் இரட்டித்தால் இருபது நிமிடமாக நீளும். மீன் வெட்டித் தருபவரிடம் ‘துண்டை மெலிசாப் போடுங்கண்ணே’ என்று சொல்லும் ஒரு சொல், அடுப்படியில் மிச்சப்படுத்தும் நேரம் இது. ஒரே சட்டியில் தடித்த நடுத்துண்டும் மெல்லிய வால்துண்டும் சேர்ந்து விழும்போது வால்துண்டு முதலில் கெட்டுப்போவதற்கும் இந்த இருமடிக் கணக்கே காரணம் என்பதால், வாலைக் கடைசியில் போடுவது அறிவு. இதழ்களைப் பிணைத்திருந்த சவ்வு கரைந்தபின் கரண்டி பட்டால் துண்டு உதிர்ந்துவிடுமாகையால், கிளறுவதற்குப் பதிலாகச் சட்டியின் விளிம்பைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைப்பதே வழக்கம்.

குளத்து மீனுக்கு இன்னொரு சிக்கல், சேற்று வாடை. மீன் சேற்றில் கிடப்பதால் வருவது என்று பொதுவாகக் கருதப்படும் இந்த வாடையின் முதன்மையான மூலப்பொருள், ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகை நுண்ணுயிரிகளும் சில நீலப்பச்சைப் பாசிகளும் உண்டாக்கும் ஜியோஸ்மின். கிரேக்கத்தில் ‘மண் வாசம்’ என்று பொருள்படும் இப்பெயரை 1965இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கெர்பரும் லெஷவாலியரும் இட்டனர். காய்ந்த மண்ணில் முதல் மழை விழும்போது எழும் வாசத்திலும் இதற்குப் பெரும் பங்குண்டு. வாசலில் நின்று ஆசையாக முகர்ந்த மணத்தையே சோற்றுத் தட்டில் கண்டால் முகம் சுளிக்கிறது மனித மூக்கு. அம்மூக்கின் கூர்மையும் வியப்புக்குரியது: நீரில் லட்சம் கோடியில் ஐந்தாறு பங்கு கலந்திருந்தாலே அதைக் கண்டுகொள்ளும். செவுள் வழியே மீனுக்குள் புகும் ஜியோஸ்மின் கொழுப்பில் தங்கிவிடுவதால், மேலே கழுவிப் போக்க முடிவதில்லை. கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசுவதும், வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கருஞ்சவ்வைச் சுரண்டி எடுப்பதும் வழுவழுப்பையும் கசப்பையும் நீக்குமே தவிர, கொழுப்புக்குள் ஒளிந்திருப்பதைத் தொடுவதில்லை.

அங்கேதான் புளி வேலை செய்கிறது. ஜியோஸ்மின் அமிலத்தைத் தாங்காது. வலுவான அமிலம் பட்டதும் அதன் மூலக்கூறு நீரை இழந்து வாடையற்ற பொருளாகிவிடுவதை, அதற்குப் பெயரிட்ட ஆய்வாளர்களே கண்டறிந்தனர். நத்தம் பக்கத்திலிருந்து சந்தைக்கு வரும் புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். கொதிக்கும்போது ஆவியாகாமல் குழம்பிலேயே தங்குவது அதன் சிறப்பு. ஆய்வகத்து அமிலத்தின் வலு அதற்கு இல்லையாதலால், புளி வாடையை முழுவதும் அழித்துவிடுகிறது என்று சொல்வது மிகையாகும். ஒரு பகுதியை அது குறைக்க, மீதியை வெந்தயமும் பூண்டும் மறைக்கின்றன என்பதே சரியான மதிப்பீடு.

பனிக்கட்டிப் பெட்டியில் வரும் கடல்மீனின் கவிச்சை வேறு வகை. உப்புநீரைச் சமாளிக்கக் கடல்மீன் தன் தசையில் சேர்த்துவைக்கும் ஒரு பொருளை, மீன் செத்தபின் நுண்ணுயிரிகள் டிரைமெத்தில் அமீன் என்னும் ஆவியாக மாற்றுகின்றன. அமிலம் அதை ஆவியாகாத உப்பாகக் கட்டிப்போடுவதால், எலுமிச்சைச் சாறோ புளியோ பட்டவுடன் கவிச்சை அடங்குகிறது. ஆனால் வாடை அடங்கினால் மீன் நல்லதாகிவிட்டது என்று கொள்ளக்கூடாது. சூரை, கானாங்கெளுத்தி போன்றவை வழியில் சூட்டில் கிடந்தால் அவற்றில் உண்டாகும் ஹிஸ்டமின் என்னும் ஒவ்வாமைப் பொருளைக் கொதியும் அழிக்காது, புளியும் அழிக்காது. கடலுக்கு இவ்வளவு தொலைவிலுள்ள ஊரில், காமராஜர் அணையில் காலையில் பிடித்த ஜிலேபியை இளக்காரமாகப் பார்த்து, நாள் கடந்த கடல்மீனைத் தேடுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சட்டியின் பங்கையும் விட்டுவிட முடியாது. அலுமினியப் பாத்திரத்தைப் புளி அரிக்கும். மண்சட்டியை ஒன்றும் செய்யாது. சுவர் தடித்திருப்பதாலும், சூட்டை மெதுவாகவே வெளியே விடுவதாலும், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகும் மண்சட்டியில் குழம்பு சில நிமிடங்கள் கொதித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டையும் கணக்கில் சேர்த்து மீன் முக்கால் வேக்காட்டில் இருக்கும்போதே அடுப்பை அணைப்பது கைப்பழக்கத்தில் வருவது.

இந்த மிச்சச் சூட்டை முழுவதும் பயன்படுத்திக்கொள்ளும் மீன், மதுரை, தேனி, திண்டுக்கல் வட்டாரத்தின் அயிரை. விரல்நீளம்கூட இல்லாத இம்மீன் மண்ணோடு சேர்த்தே இரை தின்பதால், அதை உயிரோடு வாங்கிவந்து பால் கலந்த நீரில் விட்டு, உள்ளிருக்கும் மண்ணைக் கக்கவைத்த பிறகு, வெட்டாமல் முழுதாகவே குழம்பில் சேர்ப்பார்கள். அரை சென்டிமீட்டர்த் தடிமனுக்கு இருமடிக் கணக்குப்படி அரை நிமிடம்கூட வேண்டியதில்லை; நன்றாகச் சுண்டக் கொதித்த மண்சட்டியின் கீழே தீயை அணைத்துவிட்டு, அயிரையைக் கொட்டி மூடிவைத்தால், இலை போட்டுச் சோறு பரிமாறுவதற்குள் வெந்துவிடும்.