பன்னிரண்டு பேர், ஒரே கிச்சன்!

இன்ஜினீயரிங் சேர்ந்திருக்கும் மகளுக்கு லேப்டாப் வாங்க, பி.எஃப். கடன் போட்டுக்கொண்டு வேளச்சேரியில் ஒரு கடைக்குப் போனேன். அப்பளம் மாதிரி மெல்லிசாக ஒன்றை நீட்டி, "பன்னிரண்டு கோர் சார்!" என்றான் பையன். விலை வயிற்றில் புளியைக் கரைத்தது.

கோர் என்பது ஒரு சமையல்காரர் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்டெல்லின் மெல்லிய லேப்டாப் சிப்பில் 2017 வரை இரண்டே பேர். அந்த வருஷம் நாலு. 2022-ல் பன்னிரண்டு, அதற்கு மேலும்! கிச்சன் மட்டும் எங்கள் ஃப்ளாட் கிச்சன் மாதிரி அதே சைஸ். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அடுப்பைப் பற்றவைத்தால், சூடு தாங்காமல் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நம்ம ஊர் மே மாசத்தில் கேட்கவே வேண்டாம்.

அதனால்தான் அந்தப் பன்னிரண்டில் நாலு பேர்தான் பெரிய சமையல். மற்ற எட்டு பேர் கம்மியாகக் கரண்ட் குடிக்கும் எடுபிடிகள். 2024-ல் வந்த 'லூனார் லேக்' சிப்பில் இன்டெல்லே நாலும் நாலும் எட்டோடு நிறுத்திக்கொண்டது. இனிமேல் போட்டி தலைக்கணக்கில் இல்லை சார், வாட் கணக்கில்!

"எட்டு போதும்மா. மிச்சப் பணத்துக்கு ராம் 16 ஜி.பி.யா வாங்கிடலாம். மெல்லிசு லேப்டாப் பலதுல அதைப் பின்னாடி மாத்த முடியாது" என்றேன். மகள் அரை மனசாகத் தலையாட்டினாள்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்ட மனைவி, "அதுக்குக்கூட நாலு எடுபிடி இருக்கு. எனக்கு?" என்றாள்.

அன்றிலிருந்து தேங்காய் துருவுவது நான்தான்.